பருத்தித்துறையில் இரண்டு டிகிரி

செல்வநாயகத்தாருடைய மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வினையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பார்வைக்கு அது ஒன்றும் விசேஷமான மூக்கல்ல. கண்ணாடி நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும் சப்பை மூக்கு. ஆனால் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற றோட்டில், அவருடைய கராஜைக் கடந்து போகிற வாகனம் என்ன எண்ணெயில் ஓடுகிறது என்பதை வேறொரு வாகனத்துக்கு அடியில் படுத்திருந்தபடியே சொல்லிவிடுவார் என்று ஊர் சொல்லும். சண்டைக் காலத்தில் இங்கே பெற்றோல் கிடையாது. காரும் மோட்டார் சைக்கிளும் ஒரு மூடியளவு பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. அந்த இருமலுக்கு வைத்தியம் பார்த்துத்தான் அவர் வேலை பழகினார். எதில் எது கலந்திருக்கிறது என்பதை மூக்கால் பிடிக்க வேண்டிய காலம் அது. காலம் போய்விட்டது, பெற்றோல் வந்துவிட்டது, மூக்கு மட்டும் உத்தியோகத்தை விடவில்லை.

நான் அவருக்கு வேண்டாதவன் அல்ல. என்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் இன்னும் உயிரோடு இருப்பது அவருடைய தயவில்தான். இந்தக் கதையையும் அதன் சங்கிலியை மாற்றிக்கொண்டிருந்தபோது அவரே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆனால் எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஒரு மனிதரை ஊர் அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால், அந்தப் புகழைக் காப்பாற்றுவதே அவருக்குப் பெரிய வேலையாகிவிடும். கராஜில் தனியே இருந்தால் செல்வநாயகத்தார் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், மீற்றரை வைத்துப் பார்ப்பார், தலையைச் சொறிந்து யோசிப்பார். நாலு பேர் சுற்றி நின்றால் மூக்கை நீட்டுவார்.

அன்று நாலு பேருக்கு மேலேயே நின்றார்கள்.

வந்தது கமலாவதியின் வான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பின்னேரம் ரியூசன் பிள்ளைகள் என்று நாள் முழுக்க ஓடுகிற சின்ன யப்பான் வான். அந்த வகை வானுக்கு எஞ்சின் முன்னால் இல்லை, சாரதி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சினைப் பார்க்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கமலாவதி வான் ஓட்டுவதில்லை. ஓட்டியது யாகோப்பு. வயது நாற்பதைத் தொடும். தகப்பன், தமையன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை. வள்ளம் கரையை விட்டு ஆடத் தொடங்கினாலே வயிற்றைப் புரட்டும். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போகமுடியாதவனைச் சனம் சும்மா விடுமா? ‘கரைக்காவலன்’ என்று பட்டம் வைத்தார்கள். இளந்தாரி வயதெல்லாம் அந்தப் பட்டத்தோடுதான் போனது. பிறகு வாகனம் ஓட்டப் பழகி, கமலாவதியின் வானில் ஏறினான். தோய்த்து மடித்த வெள்ளைச் சேர்ட். எந்தப் பிள்ளைக்கு வானில் வயிறு புரட்டிச் சத்தி வரும், எந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டு வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தாய்மார் அவனை நம்பி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். பட்டம் தானாகவே மறந்துபோனது. ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, கமலாவதியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

“பெற்றோலைக் குடிக்குது அண்ணை,” என்றார் கமலாவதி. “முந்தி ஓடுற தூரத்தில அரைவாசிகூட ஓடுதில்லை. பின்னாலை கரும்புகை. காலமை ஸ்டார்ட் எடுத்தால் வாசல் முழுக்க மணம்.”

செல்வநாயகத்தாரிடம் ஒரு ஸ்கானர் இருக்கிறது. மருமகன் கனடாவிலிருந்து அனுப்பியது. அதை வானில் பொருத்தினார். பிழை ஒன்றும் பதிவாகவில்லை என்று காட்டியது. மீற்றர்த் தட்டிலும் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஸ்கானரில் அடுத்த பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு சென்சரும் அந்த நேரத்தில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்கலாம். அது அவருக்கும் தெரியும். பார்க்கத்தான் போனார்.

அப்போது காத்திருந்தவர்களில் ஒருவர், “என்ன அண்ணை, கொம்பியூட்டர் கையை விரிச்சிட்டுதோ?” என்றார்.

“கொம்பியூட்டருக்கு மூக்கு இல்லையெல்லே,” என்றார் செல்வநாயகத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவரால் பின்வாங்க முடியவில்லை. ஸ்கானரை வைத்துவிட்டு, சாரதி இருக்கையைத் தூக்கினார். குனிந்தார். மூச்சை இழுத்தார். மண்ணெண்ணெய். சந்தேகமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, மணம் இருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றினார். கரி பூசிக் கறுத்திருந்தது.

“மண்ணெண்ணெய்,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

யாகோப்பு முதலில் சிரித்தான். “அது என்ரை உடுப்பு மணம் அண்ணை. விடியப்புறம் தம்பியின்ரை வள்ளத்துக்கு எண்ணெய்க் கான் தூக்கிக் குடுத்திட்டு வந்தனான். சேர்ட்டைத்தான் மாத்தினனான், கழுசானை மாத்தேல்லை. சீற்றிலையும் பிடிச்சிருக்கும்.”

எங்கள் பக்கத்து வள்ளங்களின் மோட்டார் ஓடுவது மண்ணெண்ணெயில். கடற்கரையில் அது இல்லாத வீடு இல்லை. யாகோப்பு சொன்னது முழு உண்மை. ஆனால் அதுவே அவனுக்கு எதிராகத் திரும்பியது.

“அப்ப வீட்டில எண்ணெய் கிடக்கு எண்டு நீயே சொல்லுறாய்,” என்றார் செல்வநாயகத்தார். “பெற்றோலை உருவிப்போட்டு அந்த அளவுக்கு எண்ணெயை விட்டால் மீற்றர் முள்ளு அசையாதுதானே? நான் உதுக்குள்ளை ஊறினவன் தம்பி. உந்தக் கதையை எனக்கே சொல்லுறாய்?”

மறுபடியும் சிரிப்பு. நிரோஜா என்று ஒரு பெண், மகளை அந்த வானில் அனுப்புகிறவள், தன் ஸ்கூட்டியோடு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. கமலாவதியும் சிரிக்கவில்லை. யாகோப்பின் முகத்தையும் செல்வநாயகத்தாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வான் சாவிக்காகக் கையை நீட்டினார்.

“திறப்பைத் தா.”

“அக்கா, நான்…”

“திறப்பைத் தா யாகோப்பு. சனத்துக்கு முன்னாலை கதையை வளக்காதை.”

அவன் திறப்பைக் கொடுத்தான். இருக்கையில் விரித்திருந்த தன் துவாயை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தான்.

மண்ணெண்ணெய்க் காலத்தில் இதற்கு ஒரு சோதனை இருந்தது. செல்வநாயகத்தாரே பலருக்குக் காட்டிக்கொடுத்த சோதனை. பெற்றோல் ராங்கியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு ஊதினால், பெற்றோல் குளிர்ந்து காய்ந்துபோகும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுப்பு நிற்கும். ஒரு நிமிட வேலை. அன்று அவர் அதைச் செய்யவில்லை. மூக்குச் சொன்ன பிறகு கையைக் கேட்பது அவருக்குக் குறைச்சலாகப் பட்டது.

ராங்கியை வடித்து, புதுப் பெற்றோல் விட்டு, பிளக்குகளைத் துடைத்துப் பூட்டிக் கொடுத்தார். வான் நன்றாக ஓடியது. துடைத்த பிளக்கோடு எந்த வானும் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். ‘செல்வநாயகத்தார் மூக்காலை மணந்தே கண்டுபிடிச்சிட்டார்’ என்ற கதை வானை விட வேகமாக ஓடியது. நிரோஜா மற்றத் தாய்மாருக்குச் சொன்னாள். அவளில் பிழை சொல்ல முடியாது. பிள்ளை போகிற வானில் கள்ள எண்ணெய் என்றால் எந்தத் தாய் பேசாமல் இருப்பாள்? ஆனால் எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி ஒரு சொல் வெளியே போனால் அது போகிற வீடெல்லாம் கொஞ்சம் கொழுத்துக்கொண்டு போகும். கடைசியில் யாகோப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளிடமும் களவெடுத்தவனாகிவிட்டான். வேறு இரண்டொரு வான்காரரிடம் வேலை கேட்டுப் போனான். ‘பிறகு சொல்லுறன்’ என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் தம்பியோடு கடலுக்குப் போகத் தொடங்கினான்.

சில கிழமைகள் கழித்து வான் திரும்பி வந்தது. அதே கரும்புகை, அதே குடி. இப்போது ஓட்டி வந்தவன் பிரகாஸ், கமலாவதியின் தூரத்து உறவு, சாவகச்சேரிக்காரன். வள்ளத்தைப் படத்தில் பார்த்தவன். அவனுடைய வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குக்கூட இல்லை.

“அண்ணை, அக்கா விட்டிட்டு வரச் சொன்னவ. நாளைக்கு வந்து எடுக்கிறன்,” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். சனிக்கிழமை. கராஜில் வேறு ஆட்கள் இல்லை.

செல்வநாயகத்தார் இருக்கையைத் தூக்கினார். குனிந்து மணந்தார். பெற்றோல் மணம் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெய் மணம் துளியும் இல்லை. ராங்கியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு ஊதினார். சில்லென்று குளிர்ந்தது, காய்ந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுப்பு இல்லை. பிளக்கைக் கழற்றினார். அன்று பார்த்த அதே கரி.

முதலில் அவர் தேடியது வானின் பிழையை அல்ல, தனக்கு ஒரு தப்பும் வழியை. இது வேறு பிழையாக இருக்கலாமே? அன்று மண்ணெண்ணெய், இன்று வேறொன்று. அப்படியும் நடக்கலாம்தானே? இந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனார். பதில் என்னவென்று தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

மறுநாள் காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கானரைப் பொருத்தித் திறப்பை மட்டும் திருப்பினார். இந்த முறை அடுத்த பக்கத்துக்குப் போனார். முந்தின நாளிலிருந்து ஓடாமல் நிற்கிற வானில் எஞ்சின் தண்ணீரின் சூடும் உள்ளே போகிற காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எல்லாமே ஊர்ச் சூட்டுக்கு வந்திருக்கும். தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி என்றது. காற்று இரண்டு டிகிரி என்றது.

பருத்தித்துறையில் இரண்டு டிகிரி! சந்தையில் மீன் போட்டு வைக்கிற ஐஸ் பெட்டிக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

காற்றுக் குழாயில் சுண்டுவிரல் அளவில் ஒரு சென்சர் இருக்கிறது. உள்ளே போகிற காற்று எவ்வளவு சூடு என்று எஞ்சினின் கொம்பியூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. குளிர்ந்த காற்று என்றால் கூடப் பெற்றோல் விட வேண்டும், சூடான காற்று என்றால் குறைத்து விட வேண்டும். சென்சரின் வயர் முழுதாக அறுந்திருந்தால் கொம்பியூட்டர் நம்ப முடியாத குளிரைக் கண்டு சந்தேகப்பட்டு விளக்கை எரித்திருக்கும். ஆனால் இரண்டு டிகிரி உலகத்தில் எங்கேயோ இருக்கிற குளிர்தானே. யப்பானில் செய்த கொம்பியூட்டருக்குப் பருத்தித்துறை வெயில் தெரியுமா? நம்பிவிட்டது. பனிக்காலத்தில் ஓடுகிற வானுக்கு ஊற்றுவதுபோல ஒவ்வொரு நாளும் பெற்றோலை ஊற்றியிருக்கிறது. எரிந்து முடியாத பெற்றோல்தான் கரியாகவும் புகையாகவும் வாசலில் மணமாகவும் வந்திருக்கிறது.

சென்சரின் வயரைப் பிடித்து மெல்ல ஆட்டினார். இரண்டு பன்னிரண்டானது, பிறகு நாலானது. வயரைச் சென்சரோடு இணைக்கிற பூட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த ஊசிகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கடற்கரைக் காற்றின் உப்பு. சென்சரைத் தனியே எடுத்து மீற்றரில் பிடித்து, கைக்குள் பொத்திச் சூடாக்கிப் பார்த்தார். சூடு ஏற ஏற, இறங்க வேண்டியபடியே முள் ஒழுங்காக இறங்கியது. சென்சரில் பிழையே இல்லை. அது சொன்னதுதான் வழியில் வேறாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊசிகளைச் சுரண்டித் துடைத்து, மூலையில் கிடந்த பழைய வானிலிருந்து நல்ல பூட்டொன்றை வெட்டியெடுத்துப் பொருத்தினார். ஸ்கானர் முப்பது என்றது. ஸ்டார்ட் செய்தார். புகை இல்லை.

களிம்பு சில கிழமைகளில் பிடிக்கிற சாமான் அல்ல. அந்தப் பச்சைக்கு மாதக் கணக்கில் வயது. யாகோப்பு திறப்பைக் கொடுத்துவிட்டு நடந்துபோன அன்று காலையிலும் அது அங்கேதான் இருந்தது. ஸ்கானரில் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும்.

செல்வநாயகத்தார் ஒரு பழைய ரயரில் குந்தினார். வெட்கம் என்றால் என்னவென்று இந்த வயதில்தான் விளங்கியது என்றார் என்னிடம். காது சுட்டதாம். ஆளே இல்லாத கராஜில், யாரோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல எழும்பிப் போய் வெளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

பின்னேரம் கமலாவதி பிரகாசோடு வந்தார். வான் புகையில்லாமல் ஓடுவதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“என்னண்ணை பிழை?”

“சின்ன வேலை பிள்ளை. காத்துச் சூடு பாக்கிற சென்சருக்குப் போற வயர். களிம்பு பிடிச்சுப்போச்சு.”

“அப்ப உது புதுப் பிழையே?”

உண்மையைச் சொல்ல இதுதான் வாசல். திறந்தே கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கலாம். பிரகாஸ் பக்கத்தில் நின்றான். கமலாவதி அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“புதுப் பிழையெண்டு வையுங்கோவன்,” என்றார் செல்வநாயகத்தார்.

“உங்களை விட்டால் உதை ஆர் கண்டுபிடிப்பினம்!” என்று சொல்லிவிட்டுக் கமலாவதி வானில் ஏறினார்.

யாகோப்பு நின்ற அன்று சொன்னது பிழை. இன்று சொன்னது பொய். இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வான் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் நிறுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தாராம். ஓடவில்லை.

மறுநாள் மத்தியானம் மனைவி சுவர்ணா சோறு போட்டுக்கொண்டே சொன்னார். “இண்டைக்குச் சந்தைக்குப் போனனான். யாகோப்பைக் கண்டன். வள்ளத்தாலை இறங்கினவன் மதிலைப் பிடிச்சுக்கொண்டு சத்தி எடுக்கிறான். ‘கரைக்காவலன் கடலுக்கு வந்திட்டான்’ எண்டு சனம் பகிடி பண்ணுது. அவன்ரை மனிசி யசிந்தா தண்ணிப் போத்தலோடை நிண்டவள், ஒருத்தற்றை முகத்தையும் பாக்கேல்லை. கள்ளன் எண்டாலும் பாக்கப் பாவமாக் கிடந்தது.”

மீன் குழம்பு சோற்றில் ஊறிக்கொண்டிருந்தது. செல்வநாயகத்தார் கையை எடுத்துவிட்டார்.

“அவன் கள்ளன் இல்லை,” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சென்சர், களிம்பு, பார்க்காமல் விட்ட பக்கம், கமலாவதிக்குச் சொன்ன பொய், ஒன்றும் விடவில்லை. சொல்லிமுடித்தால் பாரம் குறையும் என்று நினைத்திருப்பார்போலும். சுவர்ணா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

“உதை எனக்கேன் சொல்லுறியள்? நானே அவனைக் கள்ளனாக்கினனான்?”

செல்வநாயகத்தார் எழும்பிக் கையைக் கழுவிவிட்டு, சாரத்தை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்.

கமலாவதி வீட்டு வாசலில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் வானில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நிரோஜாவும் மகளோடு நின்றாள். செல்வநாயகத்தார் இது தனியே சொல்கிற கதை அல்ல என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தைக் கண்டதும், தனியே சொன்னால் என்ன என்று தோன்றியதாம். அந்த எண்ணம் வந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். வாசலில் நின்றபடியே, பிள்ளைகளுக்கும் கேட்கத்தான் சொன்னார்.

“பிள்ளை, நேற்று நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அது புதுப் பிழை இல்லை. யாகோப்பு ஓடேக்கையும் அதே பிழைதான். வானில மண்ணெண்ணெய் இருக்கேல்லை. நான் வடிவாப் பாக்காமல் சொல்லிப்போட்டன்.”

கமலாவதி விளங்காதவர்போல நின்றார். “என்ன கதைக்கிறியள் அண்ணை? அவன் தானே ஒப்புக்கொண்டவன்?”

“ஆர்?”

“யாகோப்பு. அதுக்கு இரண்டாம் நாள் யசிந்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தவன். ‘அக்கா, எப்பிடியோ கலந்திட்டுது போலை, என்ரை பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ எண்டு அழுதவன். அதுக்குப் பிறகுதானே நான் பிரகாசைக் கூப்பிட்டனான். அதுவரைக்கும் எனக்கும் மனம் கேக்கேல்லை.”

வானில் மண்ணெண்ணெய் இல்லை. இது நிச்சயம். இல்லாத ஒன்றைச் செய்தேன் என்று ஒரு மனிதன் ஏன் அழுதுகொண்டு சொல்ல வேண்டும்?

நிரோஜா மகளின் கையைப் பிடித்திருந்தாள். “நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்,” என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கமலாவதி உள்ளே போய் வானின் மற்றத் திறப்பை எடுத்துவந்தார். முகம் கடுமையாக இருந்தது. “பிரகாசுக்கு வேறை இடம் பாக்கலாம். இதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ அண்ணை. நான் அவனட்டை வாங்கினது உங்கடை வாயை நம்பி.”

கடற்கரைக்கு நடந்து போக அதிக தூரமில்லை. அவர் போகிற வழி முழுக்க ஏச்சுகளைத்தான் யோசித்துக்கொண்டு போனார். யாகோப்பு எப்படி ஏசுவான், என்ன கேட்பான், யசிந்தா என்ன சொல்லி மண் அள்ளித் தூற்றுவாள். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொள்வது என்று முடிவுகட்டியிருந்தார். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்ததாம்.

வீட்டுக்கு முன்னால், மணலில், யாகோப்பு வலையிலிருந்து பாசி பிடுங்கிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவரைக் கண்டதும் அவசரமாக எழும்பினான்.

“வாங்கோ அண்ணை. இருங்கோ, கதிரை கொண்டு வாறன்.”

“கதிரை வேண்டாம். யாகோப்பு, அந்த வானில மண்ணெண்ணெய் இல்லை. அண்டைக்கும் இல்லை. காத்துச் சென்சருக்குப் போற வயர் பிழை. அதாலைதான் பெற்றோல் கூடப் போனது, புகைச்சது. நான் பாக்காமல் உன்னைச் சொல்லிப்போட்டன். முழுப் பிழையும் என்னிலைதான்.”

யாகோப்பு ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

“வடிவாப் பாத்தனீங்களே அண்ணை?”

“பாத்தனான். உள்ளங்கையில விட்டும் ஊதிப் பாத்தனான். மீற்றரும் வைச்சனான். பிழை வயரிலைதான்.”

“இல்லை, ஏன் கேக்கிறன் எண்டால்…” அவன் குரலைத் தாழ்த்தினான். “ஒருநாள் பெற்றோல் முடிஞ்சு நிண்டனான் அண்ணை. கானில வாங்கிவந்து, தம்பியின்ரை புனலை வைச்சுத்தான் விட்டனான். அந்தப் புனல் எண்ணெய்ப் புனல். துடைச்சனான் எண்டுதான் நினைவு. ஆனால் நீங்கள் சொன்னாப் பிறகு அந்த நினைவில நம்பிக்கை இல்லாமல் போச்சு. அண்ணை மணந்து சொன்னால் பிழைக்காது. அப்ப நான்தான் செய்திட்டு மறந்திருக்கிறன் எண்டு யோசிச்சன். யசிந்தா, ‘நீங்கள் செய்யேல்லை’ எண்டு சொல்லச் சொல்ல, நான் அவளை ஏசினனான். பிறகுதான் அக்காவட்டைப் போய் மன்னிப்புக் கேட்டது.”

செல்வநாயகத்தார் எதிர்பார்த்து வந்த ஏச்சு எதுவும் அங்கே இல்லை.

“நீ செய்யேல்லை யாகோப்பு.”

“அப்ப நான் கலக்கேல்லை, என்னண்ணை?”

ஆஸ்பத்திரியில் டொக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனைப்போல நின்று கேட்டான். அவனுடைய கை என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியவர் இன்னமும் இவர்தான்.

“இல்லை,” என்றார் செல்வநாயகத்தார். “நீ கலக்கேல்லை.”

யாகோப்பின் முகம் விரிந்தது. அவர் நீட்டிய திறப்பை அவன் பார்க்கவே இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, அடுத்த வீடுகளுக்கும் கேட்கும்படி கூப்பிட்டான்.

“யசிந்தா! இஞ்சை ஓடி வா. நான் கலக்கேல்லையாம்! செல்வநாயகண்ணை வந்து சொல்லுறார்!”